நிறுத்திவைத்த கார்: நிஜாமின் கொட்டகை முதல் அடுக்ககச் செல்லார் வரை

ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் தம் வாழ்நாளில் வாங்கிய எண்ணற்ற பொருள்களுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஒன்று ஜேக்கப் வைரம். ஏறத்தாழ 185 காரட் எடையுள்ள அக்கல்லுக்கான பேரம் 1891இல் தொடங்கி, கல்கத்தாவில் வழக்காகி, பெரும் மனக்கசப்புக்குப் பிறகே அவர் கைக்கு வந்தது. மற்றொன்று 1911இல் அவர் சொல்லியனுப்பிய ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார். லண்டனின் பார்க்கர் நிறுவனம் அதற்கு மஞ்சள் நிற உடல் கட்டி, பின்புறத்தில் அரியணை போன்ற உயர்ந்த இருக்கையை அமைத்தது. கார் வந்து சேரும் முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில், அவர் காலமானார். இரண்டும் மகன் மீர் உஸ்மான் அலி கானுக்குச் சேர்ந்தன.

வைரம் தந்தையின் காலணி நுனிக்குள் பல்லாண்டுகள் கிடந்ததென்றும், கண்டெடுத்த மகன் அதைத் தாள் பறக்காமலிருக்க வைக்கும் கல்லாகப் பயன்படுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்த அலட்சியத்தால் வைரத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை என்பது உறுதி. நிஜாமின் 173 நகைத் தொகுதிகளை 1995இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது அதுவும் அவற்றுள் இருந்தது. 2001இலும் 2006இலும் சாலார்ஜங் அருங்காட்சியகத்தில் அதைக் கண்டவர்கள் மஹபூப் அலி கான் கண்ட அதே கல்லைத்தான் கண்டார்கள். காரின் கதை வேறு. சடங்குகளுக்காக மட்டுமே வெளியே எடுக்கப்பட்ட அந்த வண்டி மொத்தமாக ஓடிய தூரம் 356 மைல் என்று குறிக்கப்படுகிறது. பிறகு அது நெடுங்காலம் மறைவில் கிடந்தது. இன்று சௌமகல்லா அரண்மனையில் பார்வையாளர்கள் காண்பது, கெட்டுப்போன பின் மீண்டும் செப்பனிடப்பட்ட வண்டி. குறைவாகவே ஓடியது என்பது அதைக் காப்பாற்றவில்லை.

பூட்டிவைத்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்னும் எண்ணம் நகைப்பெட்டியிலிருந்து பிறந்தது. பொன்னுக்கும் கல்லுக்கும் அது பொருந்தும். இரும்பு, ரப்பர், தோல், மரம், எண்ணெய், அமிலம் ஆகியவற்றை ஒரே கூட்டுக்குள் அடைத்துச் செய்த ஒரு பொருளுக்கு அது சிறிதும் பொருந்தாது. இந்த ஒரு பிழைதான் கிங் கோட்டியில் நிஜாமின் வண்டிகளை அழித்தது. இன்று மணிகொண்டாவிலும் மியாப்பூரிலும் அடுக்ககங்களின் செல்லார்களில் தூசி உறைக்குள் நிற்கும் கார்களை அழித்துக்கொண்டிருப்பதும் அதுவே.

உஸ்மான் அலி கானின் சிக்கனம் உலகறிந்தது. 1937 பிப்ரவரியில் டைம் இதழ் உலகின் மிகப் பெரிய செல்வர் என்று அட்டையில் போட்ட அந்த மனிதர், விலையுயர்ந்த வண்டிகள் கொட்டகையில் நிற்க, பழைய ஃபோர்டு ஒன்றில் சென்றுவந்தார். 1967 பிப்ரவரி 24 அன்று அவர் இறந்தபோது பேரன் முகரம் ஜாவுக்கு வந்து சேர்ந்தவை ஆயிரக்கணக்கான பணியாளர்கள், எண்ணற்ற வழக்குகள், இவற்றோடு துருவேறிய ஒரு வாகனக் கூட்டம். முகரம் ஜாவுக்கு எந்திரங்கள்மேல் உண்மையான ஈடுபாடு இருந்தது. கையில் எண்ணெய்க் கறையோடு எஞ்சினைப் பிரிப்பதில் இன்பம் கண்டவர் அவர். பின்னாளில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுப்பண்ணையில் புல்டோசர் ஓட்டியே பொழுதைக் கழித்தார். கார்களைப் பேணத் தெரிந்த ஒரே நிஜாம் வாரிசு, கார்களைப் பேணுவதற்கான காலம் கடந்த பிறகு வந்தார். 1971இல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்டபின், கொட்டகையைக் கவனிக்க ஆள் வைப்பது யாருடைய முன்னுரிமையாகவும் இருக்கவில்லை.

வண்டிகளின் எண்ணிக்கை இங்கே முக்கியமன்று. ஆள்களின் எண்ணிக்கைதான் முக்கியம். அதே உஸ்மான் அலி கானின் ஆட்சியில், 1932 ஜூனில், நிஜாம் அரசு இரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளோடும் 166 பணியாளர்களோடும் தொடங்கப்பட்டது. ஒரு பேருந்துக்கு ஆறு பேர். ஓட்டுநரும் நடத்துநரும் மட்டுமல்லாமல் பணிமனையில் இருந்தவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்துதான் பிற்காலத்து அரசுப் போக்குவரத்துக் கழகம் வளர்ந்தது. அரண்மனை வண்டியைவிட எத்தனையோ மடங்கு கடுமையாக உழைத்த ஆல்பியன் பேருந்துகள் நாள்தோறும் சாலைக்கு வந்தன. ஏனெனில் நாள்தோறும் அவற்றை ஒருவர் தொட்டார், கேட்டார், முகர்ந்தார். அரண்மனைக் கார்களின் செலவுக் கணக்கில் விலை இருந்தது. தொடும் கைக்கான கூலி இல்லாமற்போனது. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் தம் 2006ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். அந்த வாதத்துக்கு ஹைதராபாத்தைப் போல் ஒரே ஊரில் இரு தரப்புச் சான்றும் கிடைக்கும் இடம் அரிது.

கட்டடத்துக்குள் வைத்தாலே போதும் என்பாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மறுமொழி உண்டு. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தார் 1957 ஜூன் 15 அன்று புத்தம் புதிய பிளிமத் பெல்வெடீர் கார் ஒன்றைக் கான்கிரீட் பெட்டகத்துள் இறக்கி மூடினார்கள். ஐம்பதாண்டுக்குப் பிறகு பெட்ரோல் என்ற ஒன்றே இல்லாது போய்விட்டால் என்னாவது என்ற அக்கறையில் பத்து கேலன் பெட்ரோலும், எண்ணெயும், ஒரு பெட்டி பியரும் உடன் வைத்தார்கள். 2007இல் அந்நகரின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகக் கணித்தவருக்கே கார். 2007 ஜூன் 15 அன்று மூடியைத் தூக்கியபோது பெட்டகத்துள் நீர் புகுந்து வண்டி சேற்றுநிற இரும்புக் கூடாக நின்றது. அணுகுண்டையும் தாங்கும் என்று அதைக் கட்டியவர்கள் நம்பினார்கள். மழைநீரை யாரும் நினைக்கவில்லை. கணிப்பில் வென்றவரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். துருக்கூடு அவர் சகோதரிகளுக்குச் சேர்ந்தது.

ஹைதராபாத்தில் கார் நிறுத்திவைக்கப்படும் காரணங்கள் இன்று அரண்மனைக் காரணங்கள் அல்ல. ஓராண்டு ஆய்வு நல்கையில் வெளிநாடு செல்லும் பேராசிரியர், முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மகன், பணியிட மாற்றத்தில் போகும் இணையர் எனப் பல்கலைக்கழகக் குடியிருப்புகளிலும் மேற்குப் பகுதி அடுக்ககங்களிலும் இது வாடிக்கை. விற்றால் விலை கிடைக்காது, திரும்பி வந்தால் தேவைப்படும் என்ற இரண்டு நியாயங்களோடு ஒரு நெகிழி உறை வாங்கிப் போர்த்தப்படுகிறது. சாவி பெற்றோரிடமோ அடுக்ககக் காவலாளியிடமோ கொடுக்கப்படுகிறது. “வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வையுங்கள்” என்பது பிரியும்போது சொல்லப்படும் அறிவுரை.

இந்த அறிவுரையே பெரும்பாலும் வண்டியைக் கெடுக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படும் என்பது பள்ளி வேதியியல். எஞ்சின் முழுச்சூடு ஏறி அரைமணி நேரம் ஓடினால் அந்த ஆவி வெளியேறிவிடும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்தால், அது குளிர்ந்த சைலன்சருக்குள்ளும் எஞ்சின் எண்ணெய்க்குள்ளும் நீராகப் படிகிறது. எரிந்த பெட்ரோலின் அமிலக் கழிவோடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கிறது. ஸ்டார்ட் செய்வதற்குப் பேட்டரி இழந்த மின்சாரமும் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறுவதில்லை. அக்கறை என்ற பெயரில் வாரந்தோறும் நடக்கும் இந்தச் சடங்கைக் கைவிட்டு, மாதம் ஒருமுறை வெளிவட்டச் சாலை வரை ஓட்டிவர ஒருவரை ஏற்பாடு செய்வது நல்லது. அதற்கு ஆள் இல்லையென்றால் எஞ்சினைத் தொடாமலே விடுவது அடுத்த நல்ல வழி. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி எதுவும் இல்லை.

தொடாமல் விடுவதென்றால் அதற்கான ஆயத்தம் வேண்டும். அது ஒரு நாள் வேலை. உறை போர்த்துவது அதன் கடைசிக் கால்மணி நேரம் மட்டுமே. பழைய எண்ணெயில் அமிலம் இருப்பதால் நிறுத்துவதற்கு முன்பே எண்ணெய் மாற்ற வேண்டும்; திரும்பி வந்த பிறகு மாற்றுவதாகத் தள்ளிப்போடுவது வீண் சிக்கனம். அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவி, சேறு போக்கி, வெயிலில் முழுதும் உலரவிட வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். புதிய கார்களில் அலாரமும் சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவியும் உறங்கும்போதும் மின்சாரம் குடிக்கின்றன. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களிலேயே நகரெங்கும் பேட்டரிகள் செத்துப்போனது இதனால்தான். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுப் போவது நம் ஊரின் அனிச்சைச் செயல். மழைக்காலம் ஒன்று கடந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை விடுவித்து வைப்பதே முறை. டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று வைக்க வேண்டும். இல்லையேல் ஒரே பக்கம் பாரம் தாங்கித் தட்டையாகும்.

பெட்ரோல் பற்றிய பழைய அறிவு இப்போது திருத்தத்துக்குரியது. தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிராது என்பது முன்பு சொல்லப்பட்டது. இரும்புத் தொட்டிக்கு அது இன்றும் ஓரளவு பொருந்தும். ஆனால் 2025இல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியபின் தொட்டிக்குள் இருப்பது பழைய பெட்ரோல் அன்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறும்போது எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எரிபொருள் பம்பு முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்படலத்தைத்தான். எரிபொருளைப் பதப்படுத்தும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. அதை ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். கலப்படத்துக்கு ஏற்றதல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள், கார்புரேட்டர் வரை முற்றிலும் வடித்துவிடுவது நல்லது.

உறையைப் பற்றியும் ஒரு சொல். நெகிழி உறை நீரைத் தடுப்பதுபோலவே ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. தக்காணப் பீடபூமி வறண்டது என்ற நம்பிக்கையில் ஹைதராபாத்வாசிகள் சென்னைவாசிகளைவிடத் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுகிறார்கள். மே மாதத்து நாற்பது பாகை வெப்பம் ரப்பரையும் தோலையும் வெடிக்கச் செய்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஈரம் இரும்பைத் தின்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊசலாட்டம் நிகழும் ஊரில், காற்றோட்டமுள்ள பருத்தி உறையும், வண்டிக்குள் சில சிலிக்கா ஜெல் பைகளும் தேவை. எலியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்துக் குதிரை லாயம் முதல் கச்சிபௌலி செல்லார் வரை அதற்கு எல்லாம் ஒன்றே.

செல்லார் என்பதே இந்நகரின் தனிச் சிக்கல். 1908இல் மூசி பெருகி நகரை அழித்தது மஹபூப் அலி கானின் ஆட்சியில்தான். அதன் பின்னர்தான் ஏரிகளும் வடிகால்களும் திட்டமிடப்பட்டன. அந்த நீர்வழிகளின்மேல் கட்டிய அடுக்ககங்கள் தங்கள் அடித்தளத்தை வாகனங்களுக்கு ஒதுக்கின. 2020 அக்டோபர் 13 இரவு பெய்த மழையில் செல்லார்கள் குளங்களாயின. ஓடும் நிலையிலிருந்த கார்களைச் சிலர் இரவோடு இரவாக மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பேட்டரி கழற்றி, கட்டை கொடுத்து, உரிமையாளர் வெளிநாட்டிலிருந்த கார்களை யாரும் நகர்த்தவில்லை, நகர்த்தவும் இயலாது. எனவே மிகக் கவனமாக ஆயத்தம் செய்யப்பட்ட வண்டியே வெள்ளத்தில் மிகவும் நாதியற்றது. இந்த முரண் எந்தக் கையேட்டிலும் காணப்படுவதில்லை. தரைத்தளத்தில் இடம் மாற்றிக் கேட்பதும், பேட்டரியை இணைக்கவும் வண்டியைத் தள்ளவும் தெரிந்த ஒருவரை உள்ளூரில் நியமிப்பதும் பருத்தி உறையைவிட முதன்மையான ஏற்பாடுகள்.

வண்டி ஓடவில்லையே, காப்பீடு எதற்கு என்று கைவிடுவோர் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவது பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துவதற்கே என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்தில் நேரும் தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அதைத் தொண்ணூறு நாள்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடியும் போகும். பதினைந்து ஆண்டு நிறையும் பதிவுச் சான்று உரிமையாளர் இல்லாத காலத்தில் காலாவதியானால், வந்ததும் தகுதிச் சோதனைக்கு ஓட்டிச் செல்லவே சட்டச் சிக்கல் எழும்.

இனி, அருங்காட்சியகக் கார்களை இயக்க வேண்டுமா என்ற கேள்வி. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், வண்டியின் இயக்கத்தையும் பாதுகாக்கத்தக்க மரபின் பகுதியாகவே கருதுகிறது. எதிர்வாதமும் வலுவானது. ஒவ்வொரு இயக்கமும் மூல உறுப்பைத் தேய்க்கிறது; தேய்ந்ததை மாற்ற மாற்ற எஞ்சுவது பெயர் மட்டுமே. அரியணைக் காரைச் சார்மினார் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்பது விளம்பர ஆசை. ஆனால் எஞ்சினைக் கையால் சுழற்றி, எண்ணெய் பரவச்செய்து, சக்கரங்களின் பாரப்புள்ளியை மாற்றி, அதைத் தேதியிட்டு எழுதிவைக்கும் ஒரு பணியிடத்தைக் கேட்பது நியாயமானது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் மரபில் அமைந்த கார் அருங்காட்சியகம் முதல் அகமதாபாத்தின் வாகனத் தொகுப்பு வரை இந்தியாவில் பழைய கார்களைக் காண இடங்கள் இருக்கின்றன. வாங்கியவர், கட்டியவர், ஆண்டு, குதிரைத்திறன் ஆகியவை பொதுவாகக் குறிப்பட்டைகளில் இடம்பெறுகின்றன. வண்டியை உறங்கவைத்து எழுப்பிய மெக்கானிக்கின் பெயருக்கு அவற்றில் இடம் தரப்படுவது அரிது. இந்த வெற்றிடத்தை நிரப்புவது அருங்காட்சியகங்களின் வேலை மட்டுமன்று; நாம்பள்ளியின் பழைய பணிமனைகளில் எஞ்சியிருக்கும் முதிய மெக்கானிக்குகளை நேர்கண்டு பதிவுசெய்வது, உஸ்மானியாவிலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் வாய்மொழி வரலாறு பயிலும் ஒரு மாணவரின் இரண்டு பருவ வேலை.

செல்லாரிலும் இதே அநீதி சிறிய அளவில் நிகழ்கிறது. காரைக் காக்கும் பொறுப்பு, செல்லாரின் மூலையில் ஓர் அறையில் குடும்பத்தோடு வாழும் காவலாளியின்மேல் சொல்லாமலே ஏற்றப்படுகிறது. அவருக்குச் சாவி கிடைக்கிறது; என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்போ, செய்வதற்கான கூலியோ கிடைப்பதில்லை. டயர் தட்டையானால் ஏன் பார்க்கவில்லை என்று கடல் கடந்து தொலைபேசி வருகிறது. பத்து இலட்ச ரூபாய்ப் பொருளுக்கு ஆண்டு முழுதும் காப்பாளராக இருப்பவருக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுப்பது தயவன்று, கணக்கு. அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்பவர்கள் காரை விற்றுவிடலாம். அல்லது ஓட்டத் தெரிந்த நண்பரிடம் ஓராண்டு பயன்படுத்தக் கொடுத்துவிடலாம். ஓடித் தேய்ந்த கார் திரும்பி வரும்போது ஓடும்.

எப்படியும் நிறுத்திவைத்தே ஆக வேண்டுமென்றால், ஸ்டியரிங்கில் ஒரு தாளைக் கட்டிவிட்டுச் செல்வது நல்லது. தெலுங்கிலோ உருதுவிலோ, யார் படிக்கப்போகிறாரோ அவர் மொழியில். நிறுத்திய தேதி, ஓடிய தூரம், எண்ணெய் மாற்றிய தேதி, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் என்பன. கைப்பிரேக் விடுவிக்கப்பட்டுள்ளது, கட்டையை எடுக்காமல் கியரை மாற்ற வேண்டாம் என்பது. வெள்ளம் வந்தால் அழைக்க வேண்டிய எண். எல்லாவற்றுக்கும் கீழே, தடித்த எழுத்தில், எலிக்காகச் சைலன்சர் வாயிலும் காற்றுக்குழாயிலும் துணி அடைக்கப்பட்டுள்ளது. எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யவும்.